ஏன் முப்பத்தேழு?

கோடைகால ஆராய்ச்சிக்கு மகள் தேர்வானதிலிருந்து அப்பா காப்பீடு விற்பதைக் குறைத்துக்கொண்டு மகளை விற்கத் தொடங்கினார். "துகள் இயற்பியல் சார். பிரபஞ்சம் எப்படி வந்துச்சுன்னு பாக்குறாங்க. நம்ம பொண்ணுதான் பாக்குது." பாலிசிதாரர்கள் தலையாட்டிவிட்டு ரசீது கேட்டார்கள்.

வீட்டில் அவர் கேட்கும்போது மட்டும் பிரபஞ்சம் சுருங்கிவிடும். "அங்க என்னம்மா செய்ற?"

"உங்களுக்குப் புரியாதுப்பா."

அவள் செய்தது புரியாத வேலை இல்லை. ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்து, துகள் மோதல்களின் பதிவுகளில் குப்பையைக் கழிக்க வேண்டும். எவ்வளவு ஆற்றலுக்குக் கீழே இருந்தால் குப்பை என்று ஓர் எல்லை வைக்க வேண்டும். எல்லையை முடிவு செய்யும்வரை, புதிய துகள் தென்படக்கூடிய பகுதியைத் திறந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் ஆசை வரும். ஆசைக்குத் தக்கபடி எல்லை நகரும். பூட்டு கிடையாது. கணினி நிரலில் ஒரு வரியை மாற்றினால் திறந்துகொள்ளும். "இது நம்பிக்கையில் நடக்கும் துறை" என்று ஆய்வு மைய இயக்குநர் வரவேற்புரையில் முழங்கியிருந்தார். அந்த உரையில் பிரபஞ்சத்தைவிட 'நான்' அதிகம் வந்துபோனது.

சும்மா ஒரு தடவை என்றுதான் திறந்தாள். வரைபடத்தில், புதிய துகளின் தடயம் போல, குட்டியாக ஒரு மேடு தெரிந்தது. எல்லையை நாற்பதில் வைத்தால் மேடு காணாமல் போனது. முப்பத்தைந்தில் வைத்தால் குப்பையில் மூழ்கியது. முப்பத்தேழில் மணப்பெண் மாதிரி நின்றது. முப்பத்தேழு என்று எழுதிவிட்டு, ஒன்றும் அறியாதவளாகப் பகுதியை மூடினாள்.

நிறைவு நாளுக்குக் குடும்பங்களையும் அழைத்திருந்தார்கள். அப்பா கல்யாணக் கோட்டில் வந்திருந்தார். பொத்தான் மட்டும் துளைவரை வர மறுத்திருந்தது. வழிகாட்டி அக்கா எல்லோர் முன்னிலையிலும் பகுதியைத் திறந்தார். திரையில் மேடு. கைதட்டல். அடுத்த ஆண்டு இந்தப் பெண்ணுக்கு உதவித்தொகையோடு இங்கேயே இடம் என்றார் இயக்குநர். "என் மேற்பார்வையில" என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டார்.

அப்போது 'சோடாபுட்டி' கை தூக்கினான். கோடை முழுக்க அவளுக்குப் பக்கத்து நாற்காலிக்காரன், ஒன்றும் கண்டுபிடிக்காதவன்.

"ஏன் முப்பத்தேழு? நான் நாப்பதுன்னு வெச்சேன், எனக்கு ஒண்ணுமே வரல. எங்க தப்பு பண்ணேன்னு தெரியல."

மடக்கக் கேட்டிருந்தால் அவளும் மடக்கியிருப்பாள். அவன் கற்றுக்கொள்ளக் கேட்டான். மேடையில் அவள் ஒலிவாங்கியை அருகே இழுத்தாள்.

இயக்குநர் முந்திக்கொண்டார். "அதுக்குப் பேர் இயற்பியல் உள்ளுணர்வு தம்பி. சில பேருக்குத்தான் வாய்க்கும்." அந்தச் சில பேரில் தாமும் ஒருவர் என்பதுபோல டையைச் சரிசெய்துகொண்டார்.

"இல்ல சார்." ஒலிவாங்கி அவள் குரலைத் தேவைக்கு மேல் பெரிதாக்கியது. "முடிவு பண்றதுக்கு முன்னாடியே நான் திறந்து பாத்துட்டேன். மேடு தெரியிற மாதிரி எல்லைய வெச்சேன். அவன் பண்ணதுதான் சரி."

அக்கா கணினிச் சுட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். இயக்குநர் அவசரமாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் மேற்பார்வை அங்கே போய்விட்டது.

கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் எழுந்து நின்று கைதட்டினார். பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது அரங்கம் முழுக்கக் கேட்டது. "பாத்தீங்களா? எல்லாரும் இன்னைக்குத்தான் பாக்குறாங்க, நம்ம பொண்ணு அப்பவே பாத்திருச்சு!"

அவள் மேடையிலிருந்து இறங்கி வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பா மட்டும் பார்த்துக்கொண்டே தட்டினார். அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து நிறுத்தினாள்.

"அப்பா, நான் அங்க என்ன செஞ்சேன்னு கேட்டீங்கல்ல... உக்காருங்க, சொல்றேன். உங்களுக்குப் புரியும்."