ஒன்பதாவது வீடு

சேசு பாலனைச் சின்னராஜ் வீட்டில் கொடுக்க மாட்டேன் என்று நான் முடிவு செய்தது 1986 டிசம்பர் ஏழாம் தேதி, ஞாயிறு பூசை முடிந்த கையோடு. அன்றைக்குத்தான் சீட்டுக் குலுக்கினார்கள். எங்கள் வீட்டுக்கு எட்டு வந்தது, சின்னராஜ் வீட்டுக்கு ஒன்பது.

ஓசூர் பக்கம் மூக்கண்டப்பள்ளி லைன் வீடுகளில் நாங்கள் ஒன்பது கத்தோலிக்கக் குடும்பங்கள். எல்லாரும் கம்பெனி வேலைக்காகப் பல ஊர்களிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஒன்பது நாளும் குழந்தை சேசுவின் சிலை, பாலன் சுரூபம், ஒவ்வொரு வீட்டிலும் ஓர் இரவு தங்கும். மறுநாள் சாயங்காலம் அந்த வீட்டுப் பெண் தன் கையாலேயே அடுத்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒன்பதாவது வீட்டுக்காரர் இருபத்துநாலாம் தேதி பாலனைக் கோயிலுக்குக் கொண்டுவந்து, எல்லார் முன்னாலும் குடிலில் கிடத்துவார். அது பெரிய பாக்கியம். அந்தப் பாக்கியம் போயும் போயும் சின்னராஜுக்கா என்று எனக்கு வயிறு எரிந்தது.

காரணம் இல்லாமல் எரியவில்லை. போன வருஷம் கம்பெனியில் ஐம்பத்திரண்டு நாள் ஸ்ட்ரைக். நாற்பதாவது நாள் பின் கேட் வழியாக உள்ளே போனவன் சின்னராஜ். போனதோடு விட்டானா? கேட்டை மறித்தவர்கள் யார் யார் என்று விசாரணையில் சாட்சிக் கையெழுத்தும் போட்டான். பதினோரு பேருக்கு வேலை போனது. அதில் ஒருவர் என் வீட்டுக்காரர் ராயப்பன். ஆறு வருஷம் மெஷின் ஓட்டியவர், இப்போது பெங்களூர் ரோட்டில் ஒரு பட்டறையில் தினக்கூலிக்கு நிற்கிறார். அன்றிலிருந்து சின்னராஜ் பெண்சாதி முத்துமணி குழாயடிக்கு வந்தால் நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

என் திட்டம் சுலபமானது. எட்டாவது இரவு தங்கும் பாலன் ஒன்பதாவது இரவும் என் வீட்டிலேயே தங்கட்டும். மறுநாள் நானே கோயிலுக்குக் கொண்டுபோவேன். கேட்கிறவன் கேட்கட்டும், பதில் என்னிடம் இருக்கிறது.

இருபத்துமூன்றாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். ராயப்பன் ஸ்டவ்வுக்குத் திரி மாற்றிக்கொண்டிருந்தார்.

"கொண்டுபோய்க் குடுக்கல?"

"குடுக்க மாட்டேன்."

"உன் இஷ்டம்" என்றார். அவர் பேச்சு எப்போதும் அவ்வளவுதான். எனக்கோ வீம்பு இன்னும் ஏறியது.

மறுநாள் பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். சாமியாரிடம் என்னென்ன பாவம் சொல்வது என்று களி கிண்டிக்கொண்டே மனதில் அடுக்குவது என் வழக்கம். கோபப்பட்டேன் சாமி. புறணி பேசினேன் சாமி. இவை வருஷா வருஷம் சொல்வதுதான், நாக்குக்குப் பழக்கம். அடுத்து இன்றைய விஷயம். அதை எப்படிச் சொல்வது? சுற்றி வளைத்துப் பார்த்தேன். சுரூபத்தை ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டேன் சாமி. பொய். முறையை மாற்றினேன் சாமி. அதுவும் பொய். எப்படித் திருப்பினாலும் கடைசியில் ஒரே வாக்கியம்தான் மிஞ்சியது. சேசுவை உள்ளே வைத்துக் கதவைத் தாழ்போட்டேன் சாமி.

களித் துடுப்பு கையிலேயே நின்றுவிட்டது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஓசூர் மார்கழிக் குளிரில் லைனில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. எதிர் வரிசையில் சின்னராஜ் வீடு மட்டும் திறந்து கிடந்தது. வாசலில் அகல் எரிந்தது. முத்துமணி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிலைப்படியில் நின்றிருந்தாள். ஆறு மணியிலிருந்து நிற்கிறாள் போல. மணி அப்போது எட்டு.

பெத்லகேமில் சேசு பிறக்க இடம் கொடுக்காதவர்களை எத்தனை வருஷம் திட்டியிருக்கிறேன். இங்கே இடம் கொடுக்க ஒரு வீடு திறந்திருக்கிறது, போகவிடாமல் மறித்து நிற்பவள் நான். நல்லவர்கள் வீட்டில் மட்டும் தங்குவதாக இருந்தால் அவர் மோட்சத்திலேயே இருந்திருக்கலாம், பூமிக்கு வந்திருக்க வேண்டியதே இல்லை. என் வீட்டுக்கும்தான் வந்திருக்க மாட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் அப்படியே இருந்தது. இரண்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவது என்று முடிவு செய்தேன். ஸ்டவ்வை அணைத்து, பாலனைத் துண்டில் சுற்றி எடுத்து, தாழ்ப்பாளை நீக்கினேன்.

"நீங்க வரீங்களா?"

ராயப்பன் தலை நிமிரவில்லை. நான் நடந்தேன்.

என்னைக் கண்டதும் முத்துமணி படியிலேயே முழங்கால் போட்டாள். "வரமாட்டீங்கன்னு நெனச்சேன் சகாயக்கா" என்றாள்.

"வரக்கூடாதுன்னுதான் இருந்தேன். எங்க உன் வூட்டுக்காரரு? அவருதான வாங்கணும்."

சின்னராஜ் உள்ளே சுவரோரம் நின்றான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "அவ வாங்கட்டும்க்கா. என் கையால வேணாம். நான் பண்ணது எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும். உன் கை சுத்தமா இருக்குதான்னு பாத்துட்டு சேசு வரல. புடி."

"அக்கா..."

"நீ வாங்குற வரைக்கும் நான் நவுர மாட்டேன். குளிருது, சீக்கிரம் புடி."

கையை நீட்டினான். பாலனை அதில் வைத்தேன். அழுதான். எனக்கு இரக்கம் ஒன்றும் பொங்கிவிடவில்லை. வேலை முடிந்தது, கிளம்பலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் கொடுத்த வீடும் வாங்கிய வீடும் ஒரே பாயில் உட்கார்ந்து செபம் சொல்லாமல் போகக்கூடாது. முத்துமணி பாயை விரித்தாள். உட்கார்ந்தேன்.

கர்த்தர் கற்பித்த செபத்தின் முதல் பாதியை வாங்கிய வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். மறு பாதி கொடுத்த வீட்டாருக்கு. தீமை செய்தவர்களை மன்னிக்கும் வரி அந்த மறு பாதியில் இருக்கிறது. ஆயிரம் தடவை வாய் தன்பாட்டில் சொல்லிப் போன வரி.

சின்னராஜ் திக்கித் திக்கித் தன் பாதியைச் சொல்லி முடித்தான். நான் தொடங்கினேன். அனுதின உணவு வரைக்கும் வந்தேன். அதற்கு மேல் குரல் வரவில்லை. பொய் சொல்ல எனக்கு மனமில்லை, எழுந்து போகவும் மனமில்லை.

அப்போது வாசலிலிருந்து ராயப்பன் குரல் அந்த வரியைச் சொன்னது. அவசரமில்லாமல், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சின்னராஜ் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். மண்ணெண்ணெய் படிந்த கையைக் குவித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். காத்திருந்தார்.

வேலை போனது அவருக்கு. அந்த வரியை நானும் சொன்னேன்.