நீல நாற்காலி

"நீ அந்த நாற்காலியில உக்காந்துக்கம்மா," என்றாள் மாமியார், விருந்தாளிகள் அத்தனை பேர் முன்னாலும்.

புது சோபாவில் உட்காரப்போன மருமகள் நிமிர்ந்துவிட்டாள். மாமியார் காட்டியது நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி. ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் போதும். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அப்படியானால் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

தையல் கம்பெனியில் அவளுக்குக் 'கலகலப்பு' என்று பெயர். அவள் சிரித்தால் இருபது மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். இரண்டாவது பிரசவத்தோடு அந்தச் சிரிப்புக்கு வந்தது வினை. சிரித்தால் சிறுநீர் கசிந்தது, தும்மினால் கசிந்தது, துணிக்கட்டைத் தூக்கினாலோ கேட்கவே வேண்டாம். வெட்டி மிஞ்சிய துணியை மடித்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள். குடித்தால்தானே வரும் என்று தண்ணீரையும் குறைத்தாள். டாக்டரிடம் போகலாமா என்று புருஷனிடம் கேட்டதற்கு, பிள்ளை பெற்றவளுக்கெல்லாம் இருப்பதுதானே, இதைப் போய் வெளியே சொல்வார்களா என்றான்.

அதே வீட்டில், கூடத்துக் கட்டிலில், மாமனார் படுத்திருந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கும் சிறுநீர் நிற்பதில்லை. அவருக்கான டயப்பர் கட்டை அதே புருஷன்தான் தெருவழியே கையில் ஆட்டிக்கொண்டு வருவான். எதிர்வீட்டுக்காரர் விசாரித்தால் நின்று விவரமாகப் பதில் சொல்வான். விரிப்பை அலசிப் போடுவது மட்டும் மருமகள். அவருடையது வியாதி, இவளுடையது அசிங்கம். இந்த நியாயத்தை எந்த மகராசன் எழுதி வைத்தானோ தெரியவில்லை.

வாரம் ஒருமுறை மாமனாரைப் பார்க்க ஒரு நர்ஸம்மா வருவாள். அடுத்த தடவை அவள் வந்தபோது, இருவருமாக அவரைப் புரட்டிப் படுக்க வைக்கையில் மருமகளுக்கு இருமல் வந்தது. கால்களைப் பின்னிக்கொண்டு அப்படியே நின்றாள்.

"எத்தனை வருஷமா?" என்றாள் நர்ஸம்மா.

நாலு வருஷத்தில் அதைக் கேட்ட முதல் ஆள். மருமகளுக்கு அழுகைதான் முதலில் வந்தது, பதில் பிறகு வந்தது.

தண்ணீரைக் குறைத்தது தப்பு என்றாள் நர்ஸம்மா. சிறுநீர் அடர்ந்துபோய் மூத்திரப்பையை உறுத்தும், அவசரம் கூடத்தான் செய்யும். கிருமி ஏதும் இருக்கிறதா என்று முதலில் பரிசோதித்துவிட வேண்டும். பிரசவத்தில் தளர்ந்த தசைக்கு வேலை கொடுத்தால் அது இறுகும். சிறுநீரை அடக்குவதுபோல் உள்ளே இறுக்கி, ஐந்து எண்ணி, விட வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து, நாளைக்கு மூன்று வேளை, மூன்று மாதம். அதற்கும் நிற்காவிட்டால் டாக்டர் இருக்கிறார், வேறு வைத்தியமும் இருக்கிறது.

"அவருக்கு வந்தா வைத்தியம், உனக்கு வந்தா வெக்கமா?" என்று கேட்டுவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டு போனாள். கட்டிலோரம் விரிப்பு மடித்தபடி அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்த மாமியார், மடித்த விரிப்பையே பிரித்து மறுபடி மடித்தாள்.

பரிசோதனையில் கிருமி இல்லை. மருமகள் மெஷினில் உட்கார்ந்தபடியே எண்ணினாள், பேருந்தில் எண்ணினாள். மூன்றாம் மாதம் மடித்து வைக்கும் துணி பாதியாகக் குறைந்தது. அதே விருந்தாளிகள் மறுபடி வந்தார்கள். ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து அவள் சோபாவில் உட்கார்ந்தாள். புருஷன் கண்ணால் நாற்காலியைக் காட்டினான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டே சொம்பைக் காலி செய்தாள்.

எல்லோரும் போன பிறகும் மாமியார் சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள். எப்போதும் அங்கேதான் நிற்பாள். விருந்தாளிகள் முன்னால் அவள் உட்கார்ந்து மருமகள் பார்த்ததே இல்லை.

"அந்த நர்ஸு எது வரைக்கும் எண்ணச் சொன்னா?"

"அஞ்சு." மருமகள் திரும்பிப் பார்த்தாள். "அத்தை, உங்களுக்கு எத்தனை வருஷமா?"

"உன் வீட்டுக்காரன் பொறந்ததுலேர்ந்து," என்றாள் மாமியார் மெதுவாக. "அந்த நாற்காலிய நான் வாங்கினதே எனக்குத்தான்மா."

சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில் அதையே இழுக்கப் போனாள். மருமகள் எழுந்து, மாமனாரின் மடித்த விரிப்புகள் அத்தனையையும் தூக்கி அந்த நாற்காலி மேல் வைத்துவிட்டு, சோபாவில் நகர்ந்து இடம் விட்டு உட்கார்ந்தாள்.