சம்பந்தியின் ஜாக்கி

டெட்ராய்ட்டில் ஓடெல் கெய்ன்ஸுக்கு இரண்டே விஷயங்கள் ஆகாது. ஒன்று, பனி உருகியதும் தெருவெங்கும் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும் குழிகள். இன்னொன்று கேடிலாக் கார். மகள் ரெனிட்டாவின் கல்யாண நாளன்று இரண்டுமாகச் சேர்ந்து அவரைப் பிடித்துக்கொண்டன.

மாப்பிள்ளையின் அப்பா கிளீவ் மேப்ரி பரம்பரைக் கேடிலாக் ஆசாமி. நிச்சயதார்த்த விருந்திலேயே, சுட்ட விலா எலும்பைக் கடித்தபடி, ஊர் கேட்கச் சொல்லிவிட்டார். "உங்க லிங்கன் காரு வழியில படுத்துட்டா ஒரு போன் போடுங்க சம்பந்தி. பொண்ண என் வண்டியில ஏத்திக்கிறேன்." ஓடெலுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அந்த அறுபத்தைந்தாம் வருஷ லிங்கனைக் கட்டி எழுப்பத்தான் மகளின் எத்தனையோ சனிக்கிழமைகளை அவர் தின்றிருக்கிறார். டார்ச் பிடித்துப் பிடித்துக் கை வலித்து அவள் அழும்போதெல்லாம், உன் கல்யாணத்துக்கு இதில்தான் போவோம் என்று சொல்லியே சமாதானப்படுத்தியிருக்கிறார். அந்த வாக்குதான் இப்போது ரோட்டில் நின்றது.

சர்ச்சுக்குப் போகும் வழியில், லிவர்னாய்ஸ் தெருவில் ஒரு குழி. முன் சக்கரம் 'டங்'கென்று இறங்கியதில் ரிம் அப்பளம் மாதிரி மடங்கிப் போயிற்று.

ஓடெல் பதறவில்லை. டிக்கியில் ஸ்டெப்னி இருந்தது. பழைய சாமான் சந்தையில் பொறுக்கிய அறுபத்து நாலாம் வருஷ லிங்கனின் சக்கரம். வீட்டிலேயே மாட்டி, சுற்றவிட்டுப் பார்த்து வைத்ததுதான். கோட்டைக் கழற்றினார், ஜாக்கி வைத்தார், மாட்டினார். நட்டெல்லாம் அச்சாகப் பொருந்தியது. ஆனால் சக்கரம் அசைய மறுத்தது.

குனிந்து பார்த்தவருக்குப் பகீரென்றது. அவர் வண்டிக்கு முன்னால் டிஸ்க் பிரேக். தட்டைக் கவ்விப் பிடிக்கும் இரும்புக் கட்டி புடைத்துக்கொண்டு நிற்கும். முந்தைய வருஷத்து வண்டிக்கு நான்கு பக்கமும் டிரம் பிரேக். அதன் ரிம்முக்குள் இந்தக் கட்டிக்கு இடமே கிடையாது. அந்த ரிம் பிள்ளையாண்டான் போய் இதில் முட்டிக்கொண்டு நிற்கிறான். நாற்பது வருஷமாக வண்டியே கதி என்று கிடந்தவன் இப்படியா கோட்டை விடுவான் என்று தன்னையே திட்டிக்கொண்டு, வெள்ளை கவுனோடு நடைபாதையில் நிற்கும் மகளைப் பார்க்கக் கூசி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குள் கேடிலாக் வந்து நின்றது. போன் போட்டது ரெனிட்டாதான். கிளீவ் இறங்கி, சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, பின் கதவைத் திறந்து பிடித்தார். பல்லைக் காட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒன்றே போதாதா? ஓடெலுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ரெனிட்டா நகரவில்லை. கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தச் சக்கரத்தையே முறைத்தாள்.

"அப்பா, வீட்ல மாட்டினப்ப சுத்துச்சுன்னு சொன்னீங்களே. எந்தப் பக்கம் மாட்டினீங்க?"

"பின்னாடிம்மா."

"பின்னாடி என்ன பிரேக்?"

"டிர..." என்று ஆரம்பித்தவர் பின் சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

பின்னால் டிரம் என்பதால்தான் அன்றைக்கு அது சுற்றியது. இந்த வண்டியின் சொந்தப் பின் சக்கரத்தைக் கழற்றி முன்னால் போடு, பழையதைப் பின்னால் போடு. அவ்வளவுதான் விஷயம்! ஓடெல் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஆனால் இருப்பதோ ஒரே ஜாக்கி. வளைந்ததைத் திரும்ப மாட்டி, இறக்கி, பின்பக்கம் ஏற்றி, மறுபடி முன்பக்கம் வருவதற்குள் பாஸ்டர் கோபித்துக்கொண்டு வீட்டுக்கே போய்விடுவார்.

கிளீவ் திறந்து பிடித்த கதவை ஓங்கிச் சாத்தினார். அவரும் வண்டிக்காரர்தானே, எத்தனை நேரம்தான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்? தன் டிக்கியிலிருந்து ஜாக்கியை எடுத்து லிங்கனின் பின்னால் வைத்து, புதுக் கோட்டோடு முட்டி போட்டுவிட்டார்.

"நீங்க முன்னாடி பாருங்க சம்பந்தி. சம்பந்தி வண்டி படுத்ததை நின்னு வேடிக்கை பாத்தான்னு என் பேரு கெடக் கூடாது."

இரண்டு கிழவர்களும் போட்டி போட்டுக்கொண்டு நட்டு முறுக்கினார்கள். இரண்டு சக்கரங்களும் சுற்றின. ரெனிட்டா நடுரோட்டிலேயே கை தட்டினாள்.

ஓடெல் விட்டார் பாருங்கள் ஒரு ஓட்டம்! கேடிலாக் வாலைப் பிடித்த மாதிரி பின்னாலேயே வந்தது. சர்ச் வாசலில் பெரிய பெரிய தொப்பி வைத்த பெண்கள் ரோட்டிலேயே இறங்கி நின்றிருந்தார்கள். ஓடெல் பிரேக்கை மிதித்தார். லிங்கன் நேர்கோட்டில், வாசற்படிக்கு எதிரே, சொன்ன பேச்சுக் கேட்டு நின்றது. நான்கு டிரம் பிரேக்குகளையும் நம்பி வந்த அந்தக் காலத்துக் கேடிலாக் சட்டென ஒதுங்கி, கீச்சிட்டபடி சர்ச்சைத் தாண்டி, முடிவெட்டும் கடையையும் தாண்டிப் போய் நின்றது. அத்தனை தொப்பிகளும் அந்தப் பக்கம் திரும்பின. கிளீவ் எல்லோர் கண்ணெதிரே மெல்ல ரிவர்ஸில் வந்தார்.

நிச்சயதார்த்தத்திலிருந்து சேர்த்து வைத்த கிண்டல் முழுவதும் ஓடெலின் நுனி நாக்குக்கு வந்துவிட்டது. இறங்கி வந்த கிளீவின் வெள்ளைச் சட்டைக் கையெல்லாம் கிரீஸ் அப்பியிருந்ததைப் பார்த்தார். விழுங்கிக்கொண்டார்.

"சக்கரம் மாட்டினது நீங்க. கதவையும் நீங்களே திறந்து விடுங்க சம்பந்தி."

கிளீவ் லிங்கனின் கதவைத் திறந்தார். ரெனிட்டா இறங்கி, ஒரு கையை அப்பாவிடமும் இன்னொன்றை மாமனாரிடமும் கொடுத்தாள். படி ஏறும்போது கிளீவ் ஓடெலின் பக்கம் சாய்ந்து ரகசியமாகக் கேட்டார்.

"அந்த டிஸ்க் பிரேக்க என் வண்டியில மாட்ட முடியுமா?"

"தாராளமா முடியும். ஆனா அதுக்கப்புறம் உங்க பழைய சக்கரம் முன்னாடி சுத்தாது," என்றார் ஓடெல்.