கதவுக்கு வெளியே நின்றவர்

டிவியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் கூடத்தின் நடுவில் நின்றாள். டிவி இருந்த இடத்தில்தான் கட்டிலைப் போட வேண்டும். வேறு சுவர் இல்லை. வாசலில் வண்டியிலிருந்து அப்பாவை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள கொண்டு போய் வைடி. இப்ப அது ஒண்ணுதான் குறைச்சல்" என்றாள் அத்தை.

படுக்கையறையில் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். திரும்பி வருவதற்குள் அப்பா கட்டிலில் இருந்தார். மருத்துவமனையில் கட்டிய துணி தாடையைச் சுற்றி இருந்தது. பல்வலிக்காரர் மாதிரி இருந்தார். அவருக்கே காட்டியிருந்தால் சிரித்திருப்பார்.

லிப்ட் மெக்கானிக். வாழ்நாள் முழுக்க ஊரையே மேலும் கீழும் அனுப்பிவிட்டு, தரைத்தள வீட்டில் குடியிருந்த மனுஷன்.

துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவருக்கும் அத்தை முதலிலிருந்து சொன்னாள்.

"காலைல நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். இவ வெளிய வராண்டாவுல சுவத்துல சாஞ்சு நிக்கறா. உள்ள ஒரு ஆளு இருக்கலாம்னு விட்டிருக்காங்க. நாற்காலி காலியாக் கிடக்கு. எங்கண்ணன் யாருமில்லாமப் போயிட்டாரு. பெத்த பொண்ணு கூப்பிடு தூரத்துல நிக்குது."

வந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள்.

அம்மா அதிகம் பேசவில்லை. ஒரே ஒரு முறை, அவள் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தபோது, டம்ளரை வாங்காமல் கேட்டாள்.

"ஏண்டி வெளிய நின்ன?"

"சும்மாதாம்மா."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இதைவிடக் கேவலமாக இருந்திருக்கும்.

மதியத்துக்குமேல் பெயின்டரும் மொட்டையும் வந்தார்கள். அப்பாவின் கூட்டாளிகளில் மிச்சம் இருப்பவர்கள் இவர்கள்தான். மொட்டைக்குத் தலை நிறைய முடி. ஏதோ ஒரு மேட்ச் பந்தயத்தில் தோற்று மழித்துக்கொண்ட நாளில் ஒட்டிய பெயர். பெயின்டர் உள்ளே வருவதற்கு முன் வாசல் சுவரில் கை வைத்துப் பார்த்தார். கதவுக்குப் பக்கத்தில், தோள் உயரத்தில், வண்ணம் தேய்ந்து உள்பூச்சு தெரிந்தது.

"எத்தனை வாட்டி அடிச்சுக் குடுத்தேன். இவன் சாயற சாய்ப்புக்கு என் பெயின்ட் தாங்கல" என்றார்.

இருவரும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பிறகு மொட்டை, பிணத்திடம் சொல்வதைப்போல, "ஏழு விக்கெட்டு" என்றார்.

"தொண்ணூறு ரன்னுக்கு மேல பாக்கி" என்றார் பெயின்டர்.

"நான் எழுந்து செருப்பே மாட்டிட்டேன்."

"மாட்டிட்டு எங்க போவே? உன் வீட்டுல அப்ப ஏது டிவி?"

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர், "என்ன மேட்ச்சுங்க?" என்றார். அவருக்காக மொட்டை இந்தப் பக்கம் திரும்பினார்.

"அஞ்சு விக்கெட் போயிருந்தப்ப இவன் வேலை முடிச்சு ஸ்பானரோட வந்தான். உக்காந்தான், விக்கெட். தண்ணி குடிக்க எழுந்து போனான், ஃபோர். திரும்ப வந்து உக்காந்தான், அடுத்த விக்கெட். எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். டேய், உன் கால்ல விழறேன், வெளிய போய் நில்லுடான்னேன்."

"போயிட்டாரா?"

"ஒரு வார்த்தை பேசல. போனான். நான் கதவைச் சாத்தினேன்."

"ஒன்பதாவதா ஒருத்தன் இறங்கினான்" என்றார் பெயின்டர். "பந்து போட மட்டும் பொறந்தவன். மட்டைய விளக்குமாறு மாதிரி புடிச்சுக்கிட்டு வந்தான். பத்து நிமிஷத்துல மூட்டை கட்டிருவான்னு பாத்தா, நிக்கறான். அசையல."

"அவனும் நிக்கறான், வெளிய இவனும் நிக்கறான்."

"ஜெயிச்சதும் கதவைத் திறந்து இவனைத்தான் தூக்கினோம். டீமுக்கே இவன்தான் ஜெயிச்சுக் குடுத்த மாதிரி."

அவர்கள் விட்டுவிட்ட ஒன்று இருந்தது. அன்று ஜன்னல் மேடையில் உட்கார்ந்திருந்தது அவள். பள்ளிக்கூடச் சீருடையைக்கூட மாற்றவில்லை. இன்னும் எவ்வளவு ரன் என்று அப்பாவுக்குக் கம்பி வழியாக விரல்களால் காட்ட வேண்டும். பத்துக்குள் வந்தபிறகுதான் அவளால் ஒழுங்காகக் காட்ட முடிந்தது. ஆறு. நாலு. இரண்டு. கடைசியில் கையை மூடினாள். ஒன்றும் வேண்டாம், முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

அதற்கப்புறம் அவரை யாரும் வெளியே அனுப்ப வேண்டியிருக்கவில்லை. ஆட்டம் இறுகினால் தானே எழுந்துபோய்ச் சுவரில் சாய்ந்துவிடுவார். கூட்டாளிகள் வருவது நின்ற பிறகும், வீட்டில் அவரும் அவளும் மட்டும் பார்த்த நாட்களிலும் அப்படித்தான். அந்தப் பழைய மேட்ச்சை எத்தனையோ முறை போட்டார்கள்.

"ரீப்ளேதானேப்பா. இப்பவாவது வந்து உக்காந்து பாருங்க."

"வேண்டாம்மா. எதுக்கு வம்பு?" என்று செருப்பைத் தேடுவார்.

காலையில் மருத்துவமனையில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டே போனது. மருந்து வாங்கப் போய்விட்டு வந்தாள். "இப்பதாங்க கொஞ்சம் ஏறுச்சு" என்றாள் நர்ஸ். அவள் உட்கார்ந்தாள். பச்சை எண் மறுபடியும் இறங்கியது.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். எண்கள் யார் முகத்துக்காகவும் மாறுவதில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் எழுந்தாள். வெளியே வந்து சுவரில் சாய்ந்தாள். கதவில் கண்ணாடி இருந்தது. எட்டிப் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து விரல் காட்ட யாரும் இல்லை. கதவு திறந்தபோது நர்ஸ் தன் இரண்டு கைகளையும் சட்டைப் பைக்குள் விட்டிருந்தாள்.

"ஆட்டம் பாட்டமெல்லாம் சொல்றீங்க" என்றாள் அத்தை, மூக்கைத் துடைத்தபடி. "கடைசி நேரத்துல பக்கத்துல ஆள் இல்லையே. இவ வெளிய சுவத்துல சாஞ்சு நிக்கறா!"

பெயின்டர் தலை நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். அப்புறம் வாசல் சுவரைப் பார்த்தார்.

"விடும்மா. நிக்க வேண்டிய இடத்துலதான் நின்னிருக்கா."

அத்தைக்கு விளங்கவில்லை. அம்மா மட்டும் சுவரிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். கையை நீட்டி மகளின் முழங்காலில் வைத்தாள். எடுக்கவில்லை.

மொட்டை பெயின்டர் பக்கம் திரும்பினார். "ஒரு பந்து பாக்கலடா அவன். நான்தான் பாக்க விடல" என்றார். பையிலிருந்து போனை எடுத்துத் தேடினார். கண் சரியாகத் தெரியாமல் பெயின்டரிடம் நீட்டினார். "ஏழாவது விக்கெட் போனதுலேர்ந்து வை."

போனைக் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் சாய்த்து வைத்தார்கள். சின்னத் திரையில் விளக்குமாறு பிடித்தவன் நடந்து வந்தான். கூட்டத்தின் இரைச்சல் அறையை நிறைத்தது. "கருமம்" என்று அத்தை எழுந்து உள்ளே போனாள். முதல் தடவையாக அப்பா எழுந்து போகவில்லை.

கடைசி ஓவர்களுக்கு வந்துவிட்டபோது வண்டி வந்தது.

"இருப்பா, இன்னும் கொஞ்சம்தான்" என்றார் மொட்டை.

"இன்னொரு வீட்டுக்கும் போகணும் சார்" என்றான் டிரைவர்.

தூக்கினார்கள். கதவு குறுகல். சாய்த்துக் கொண்டுபோனபோது அப்பாவின் தோள் அந்தத் தேய்ந்த இடத்தை உரசிக்கொண்டு போனது. அம்மா வண்டிக்குப் பக்கத்தில் நின்று, "என் கண்ணாடிய எடுத்துட்டு வாடி" என்றாள்.

அவள் உள்ளே வந்தாள். கூடத்தில் யாரும் இல்லை. நாற்காலியில் போன் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி ஜன்னல் மேடையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. தலைமாடு வீட்டுப்பக்கம்.

இடது கையைக் கம்பிக்கு வெளியே நீட்டினாள். நாலு. அப்புறம் இரண்டு.

"யாரையோ கூப்பிடறாங்களே" என்றான் டிரைவர்.

"உன்னை இல்லப்பா" என்றார் பெயின்டர். "ஒரு நிமிஷம் இரு."

பின்னால் போனில் கூட்டம் எழுந்து கத்தியது. அவள் கையை மூடினாள்.