காலி சிலிண்டர்

எரிவாயுவைக் கண்டுபிடிக்க மனிதகுலம் உருவாக்கிய கருவிகளில் கிறிஸ்புலோவின் மூக்கே தலைசிறந்தது. நவோட்டாஸ் பழைய இரும்புக் கிடங்கில் இதை யாரும் மறுத்ததில்லை. முக்கியமாகக் கிறிஸ்புலோ மறுத்ததில்லை.

விடியுமுன்பே கேஸ் கட்டர்கள் சீறத் தொடங்கிவிடும். கண்ணில் துருத்தூள், தொண்டையில் கருகிய பெயின்ட், ஆளுக்கு நாற்பது பழைய சிலிண்டர். எஃப்ரென் மட்டும் ஒவ்வொன்றையும் வெட்டவெளியில் காற்றாட விட்டு, வால்வைக் கழற்றி, மிச்ச வாயு வெளியேறக் கழுத்துவரை தண்ணீர் ஊற்றிய பிறகே வெட்டுவான்.

"என்னடா தம்பி, ஞானஸ்நானமா? பிள்ளைக்கு என்ன பேரு?" என்பான் கிறிஸ்புலோ. தன் பங்கை முகர்ந்து, "காலி!" என்று காலால் உருட்டிவிடுவான்.

முதலாளி வில்லமாருக்கு அந்த மூக்கு பிடித்துப்போயிற்று. அதற்குத் தண்ணீர் செலவில்லை. குழாயைப் பூட்டினார், ஆளுக்கு அறுபது என்றார்.

செவ்வாயன்று கிறிஸ்புலோ "காலி" என்ற சிலிண்டரில் எஃப்ரென் தீயை வைத்தான். முகமும் இரண்டு கைகளும் வெந்துபோயின.

மறுநாள் விடியலில் எஃப்ரெனின் மனைவி லிகாயா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்தாள். "உள்ள துரு ஏறினா வாசனையத் தின்னுடுமாம் அண்ணே. தீயணைப்புக்காரங்க சொன்னாங்க." அவள் திட்டியிருந்தால் கிறிஸ்புலோ தாங்கியிருப்பான்.

முதலாளி காகிதத்தோடு வந்தார். "எஃப்ரென் குடிச்சிருந்தான்னு எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. வைத்தியச் செலவ என் தலையில கட்டப் பாக்குறாங்க. கிறிஸ்புலோ, நீ மொதல்ல."

கிறிஸ்புலோ துருவேறிய சிலிண்டர் ஒன்றை அவர் காலடிக்கு உருட்டினான். அணைந்த கட்டரை நீட்டினான்.

"காலிதான் மொதலாளி. இத வெட்டுங்க, போடறேன்."

"விளையாடறியா?"

"மூக்கு சொல்லுது. உங்களுக்குப் பிடிச்ச மூக்கு."

முதலாளி பின்வாங்கினார். மற்ற பன்னிரண்டு பேரும் ஆளுக்கொன்றாக உருட்டி வந்து அலுவலகத்தைச் சுற்றி வைத்தார்கள்.

"போலீஸக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க. சிகரெட்ட அணைச்சுட்டு வரச் சொல்லுங்க," என்றாள் லிகாயா.

முதலாளி அலுவலகத்துக்குள் ஓடிக் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

"ஒரு குச்சி போதும்," என்றான் கிறிஸ்புலோ. தீப்பெட்டி கைக்கு வந்துவிட்டது.

"அவன் வெந்தா என் புருஷனுக்குத் தோல் வளருமா? தண்ணியும் வைத்தியமும் தர்றேன்னு எழுதித் தரட்டும். அதுவரைக்கும் ஒருத்தரும் வெட்டாதீங்க." தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

கட்டர் எதுவும் மறுபடி சீறவில்லை. அந்த நிசப்தத்தைக் கேட்டுப் பக்கத்துக் கிடங்குக்காரர்களும் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். உள்ளே முதலாளி யார் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார்.

கிறிஸ்புலோ பக்கத்துக் கிடங்கில் ஒரு வாளி தண்ணீர் கேட்டு வாங்கினான். சிலிண்டர்களை ஒவ்வொன்றாக வெட்டவெளிக்குத் தூக்கிப்போய்க் காற்றாட வைத்தான். முதலில் வைத்ததன் வால்வைக் கழற்றி, கழுத்துவரை தண்ணீர் ஊற்றினான். முகர்ந்து பார்க்கவில்லை.