நாலு கார்டு, நாலு கைப்பட்டை

அந்த ஆஸ்பத்திரியில் டைப்ரைட்டரைப் பழைய இரும்புக்குப் போட்டுப் பதினாலு வருஷம் ஆகிறது. ஆனாலும் அவளை எல்லோரும் டைப்பிஸ்ட் என்றுதான் கூப்பிட்டார்கள். பிரிண்டர் முரண்டு பிடித்தாலும் சரி, ஸ்கேன் படம் டாக்டர் அறைக்கு வந்து சேராவிட்டாலும் சரி, “டைப்பிஸ்டைக் கூப்பிடு” என்பார்கள். வந்து சரிசெய்துவிட்டுப் போவாள்.

இந்த முறை அவளே ஒரு காரியத்தில் இறங்கினாள். தன் பொறுப்பில் இருந்த கம்ப்யூட்டர் அறையின் மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து, லினக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, வயர் மாட்டுகிற நாலு நெட்வொர்க் கார்டுகளைச் செருகி, கட்டடம் முழுவதற்கும் இன்டர்நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் ரவுட்டராக நிறுத்தினாள். ஒரு கார்டு வழியாக வெளி இன்டர்நெட் உள்ளே வரும். இன்னொன்று ஸ்கேன் அறைக்கு, மூன்றாவது டாக்டர்களுக்கு, நாலாவது கூடத்தில் காத்திருந்து போனைத் தேய்க்கும் ஜனங்களுக்கு. எது எதோடு பேசலாம், எது எதை எட்டிப் பார்க்கக் கூடாது என்று வரிவரியாக எழுதியிருந்தாள். டாக்டர்கள் பார்க்கும் படங்களைக் கூடத்துப் போன்கள் தொடவே முடியாது.

மானேஜருக்கு இது வேப்பங்காயாகக் கசந்தது. பளபளவென்று ஒரு புது ரவுட்டர் பெட்டியை வாங்கிக்கொள்வதாக ஏதோ ஒரு கம்பெனிக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

“ஓட்டை உடைசல்ல நாலு கார்டைச் சொருகிட்டா ரவுட்டர் ஆயிடுமா? நாளைக்குக் காலையில பெரிய டாக்டர் முன்னாடி ஓட்டிக் காட்டு. ஓடலைன்னா இந்த ரூம் சாவியைக் குடுத்துட்டு முன் டெஸ்க்ல போய் டிஸ்சார்ஜ் பேப்பர் அடி.”

“ஓடினா?”

“ஓடினா பார்க்கலாம்.”

“பார்க்கலாம்னா எப்படி சார்? ஓடினா சாவி என்கிட்டயே இருக்கும். அதைச் சொல்லுங்க.”

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜன்னல்கூட இல்லாத அறைதான். ஆனால் இத்தனை வருஷத்தில் அவளுடைய விரலைக் கேட்காமல் மூளையைக் கேட்ட இடம் அது ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

மறுநாள் காலை பெரிய டாக்டர் வந்து நின்றார். எல்லாம் அழகாக ஓடியது. அவர் தலையாட்டும் நேரம் பார்த்து மானேஜர், “கரண்ட் போனா?” என்று கேட்டபடியே ப்ளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினார்.

கம்ப்யூட்டர் எழுந்தது. டாக்டர் அறைகளில் படம் வரவில்லை. மானேஜர் தன் போனைக் கூடத்து வைஃபையில் இணைத்து நீட்டினார். டாக்டர்கள் மட்டுமே பார்க்க வேண்டிய படங்கள் அதில் வரிசையாக நின்றன.

“பார்த்தீங்களா சார்? ஊருக்கே ஷோ காட்டுது. சாவியைக் குடும்மா.”

அவள் சாவியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள். கூடத்து வயரை மட்டும் கழற்றிவிட்டு டாக்டரைப் பார்த்தாள். “பேஷன்ட் வயித்தைத் திறந்து வெச்சுட்டுப் பாதியில எழுந்து போவீங்களா சார்? எனக்குப் பத்து நிமிஷம் வேணும்.”

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

திரையைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. கார்டுகளை மேலிருந்து கீழாக ஒன்று, இரண்டு என்று எண்ணி வைத்திருந்தாள், வார்டில் கட்டில்களை எண்ணுவதுபோல. கம்ப்யூட்டரோ எந்தக் கார்டு முதலில் கண் விழிக்கிறதோ அதற்கு முதல் நம்பரைக் கொடுக்கிறது. நேற்றுவரை அவள் எண்ணியபடியே விழித்தவை இன்று மாறி விழித்துவிட்டன.

சத்தம் கேட்டு, வார்டில் நர்ஸாக இருக்கும் அவளுடைய நாத்தனார் ஓடி வந்தாள். “என்ன அண்ணி ஆச்சு?”

“மூணாம் கட்டிலும் நாலாம் கட்டிலும் மாறிப்போச்சு.”

நாத்தனாருக்கு முகம் வெளிறியது. போன வருஷம் ஜன்னல் காற்றுக்கு ஆசைப்பட்டு இரண்டு நோயாளிகள் தங்களுக்குள் கட்டில் மாறிப் படுத்து, மூணாம் கட்டிலுக்கான ஊசி நாலாம் கட்டிலுக்காரருக்கு ஏற இருந்தது. அன்றே பெரிய டாக்டர் கையெழுத்தோடு போர்டு வந்தது: யாரையும் கட்டிலை வைத்துக் கூப்பிடக் கூடாது, கையில் கட்டியிருக்கும் பட்டையைப் பார்க்க வேண்டும்.

“அப்ப பட்டை கட்டுங்க அண்ணி” என்று நாத்தனார் பாக்கெட்டிலிருந்து நாலு கைப்பட்டைகளை எடுத்து நீட்டினாள்.

ஒவ்வொரு கார்டுக்கும் தயாரிக்கும்போதே பதித்த ஒரு தனி எண் உண்டு. இந்த எண்ணுக்கு இந்தப் பெயர், நீ எப்போது விழித்தாலும் உன் பெயர் இதுதான் என்று எழுதினாள். வெளி, ஸ்கேன், டாக்டர், கூடம். கட்டுப்பாட்டு வரிகளையும் அந்தப் பெயர்களுக்கே மாற்றினாள். பட்டைகளில் பெயரெழுதிக் கார்டுகளின் தகட்டிலேயே கட்டினாள். ஒன்பதாவது நிமிஷம் எழுந்து, ப்ளக்கைத் தானே பிடுங்கிச் செருகினாள். ஓடியது. மறுபடி பிடுங்கிச் செருகினாள். ஓடியது. மூன்றாம் முறை பிடுங்கி, அப்படியே வைத்துவிட்டு மூடியைத் திறந்தாள்.

“சார், நீங்களே கார்டை இடம் மாத்திச் சொருகுங்க.”

மானேஜர் சட்டையெல்லாம் தூசியாக மாற்றிச் செருகினார். பட்டையைப் பார்த்து அவள் வயர்களை மாட்டி, ப்ளக்கைச் செருகினாள். டாக்டர் அறையில் படம் வந்தது. கூடத்துப் போனுக்குக் கதவு திறக்கவில்லை.

பெரிய டாக்டர் எழுந்தார். “பிரமாதம். சாவி டைப்பிஸ்ட்கிட்டயே இருக்கட்டும்.”

“டைப்பிஸ்ட்ங்கறது பதினாலு வருஷம் முன்னாடி நான் இருந்த கட்டில் சார்” என்றாள் அவள். “கட்டிலை வெச்சுக் கூப்பிடக் கூடாதுன்னு நீங்கதான் போர்டு போட்டீங்க.”

டாக்டர் கார்டுகளில் கட்டியிருந்த பட்டைகளைத் திரும்பிப் பார்த்தார்.

“நியாயம்தான்” என்றார். “நெட்வொர்க் அதிகாரின்னு ஆர்டர் போட்டுடலாம். அடிச்சுக் கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடறேன்.”

அவள் கீபோர்டை மானேஜர் பக்கம் நகர்த்தினாள்.

“நீங்க அடிங்க சார். நான் சொல்றேன்.”

மானேஜர் உட்கார்ந்து, ஒற்றை விரலால் முதல் எழுத்தைத் தேட ஆரம்பித்தார்.