பச்சைப் பொட்டு வைத்த கரண்டி

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல. பக்கத்து வீட்டுப் பாத்திரக்காரரிடம் இரவல் வாங்கியது. விசேஷ வீடுகளுக்கு அண்டா, குண்டான் வாடகைக்கு விட்டே காலம் தள்ளியவர். எதைக் கொடுத்தாலும் "அடிபடாம திரும்பி வரணும்" என்று சொல்லித்தான் கொடுப்பார். கதையையும் அப்படித்தான் கொடுத்தார். ஆகவே பதனமாக எழுத வேண்டியிருக்கிறது.

கடலோரத்தில் வெள்ளையாக ஒரு வீடு. அதன் மாடி ஜன்னலில் ஒரு பெண்…

(வேண்டாம். இப்படித் தொடங்கினால் மூன்றாம் பத்தியில் யாராவது சாக வேண்டியிருக்கும். இந்தக் கதையில் எல்லோரும் சௌக்கியம். ஆளுக்கொரு திசையில் சௌக்கியம், அவ்வளவுதான்.)

2

பாத்திரக்காரரின் மகள் ஒரு நாட்டில், மகன் வேறொரு நாட்டில். மகளுக்கு லீவு கிடைத்தால் மகனுக்குக் கிடைக்காது. மகன் கிளம்பினால் மகள் பிள்ளைகளுக்குப் பரீட்சை. இருவரையும் ஒன்றாகப் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது. கடைசியில் எல்லோருக்கும் அந்நியமான மூன்றாவது நாட்டில் கூடுவதென்று முடிவாயிற்று. மகன் ஓட்டல் என்றான். இவர் ஒப்பவில்லை.

"ஓட்டல்ல ஆளுக்கொரு கதவுடா. சமையல்கட்டு இருக்கிற வீடா எடு. பசிச்சா எல்லாரும் ஒரே இடத்துக்குத்தானே வரணும்."

ஆயுசு முழுக்க வாடகைக்கு விட்ட கை, முதல் தடவையாக வாடகைக்கு எடுத்தது. சாதாரணக் கை அல்ல. ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்த அவர் கடைப் பெரிய அண்டாவைக் கழுவ உள்ளே இறங்கிய ஆள் ஏறி வெளியே வந்தபோது, அந்தக் கல்யாணத் தம்பதியின் குழந்தை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. [இதை நீக்கச் சொன்னால் நீக்கிவிடுகிறேன். ஆனால் அண்டா அப்படியேதான் இருக்கும்.]

கடலோர வாடகை வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லோரும் கடலைப் பார்க்க ஓடினார்கள். இவர் அடுப்படிக்குப் போய் ஒவ்வொரு பாத்திரமாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார்.

"கடல் அந்தப் பக்கம் இருக்கு," என்றாள் மனைவி.

"கடல் எங்க போகப்போகுது? இந்த வாணலியில அடிப்பிடிக்கும், பாரு."

சொல்லிவிட்டுப் பெட்டியிலிருந்து தன் கரண்டியை எடுத்தார். காம்பில் பச்சைப் பெயிண்டால் ஒரு பொட்டு. அவர் கடை அடையாளம்.*

*பச்சைப் பொட்டுக்கு ஒரு கிளைக்கதை உண்டு. இளவயதில் ஒரு வீட்டிலிருந்து திரும்பிய பாத்திரங்களில் ஒரு கரண்டி குறைந்தது. தேடிப் போனார். காபி கிடைத்தது, கரண்டி கிடைக்கவில்லை. மறுபடி போனார். மறுபடியும் காபிதான். காபி குடித்துக் குடித்தே அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். கல்யாணத்துக்கு மறுநாள் கரண்டி கிடைத்துவிட்டது; அதில்தான் முதல் பச்சைப் பொட்டை வைத்தார். எங்கே இருந்ததென்று அந்த அம்மாள் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

3

வாரம் ஓடிவிட்டது. கடைசிச் சாயங்காலம் மகள் பாத்திரம் கழுவினாள், தம்பி துடைத்தான்.

"துடைக்கிறியா, தடவிக் கொடுக்கிறியா?"

"நீ ஒழுங்கா கழுவினா நான் ஒழுங்கா துடைப்பேன்க்கா."

"இந்த வாய்க்கு உன் பொண்டாட்டி எப்படிடா சோறு போடுறா?"

"யார் போடுறா? நான்தான் சமைக்கிறேன்."

சிரிப்பு சமையல்கட்டை நிறைத்தது. பாத்திரக்காரர், எப்போதோ காலியான டம்ளரைக் கையில் பிடித்தபடி வாசற்படியில் நின்றார்.

(இங்கே 'அவர் கண் கலங்கியது' என்று எழுதியிருந்தேன். படித்துக் காட்டியபோது "வெங்காயம்" என்றார். பாத்திரம் கழுவும் நேரத்தில் ஏது வெங்காயம் என்று நான் கேட்கவில்லை. வரியை அடித்துவிட்டேன்.)

"அடுத்த வருஷமும் இதே வீடுன்னா, இப்பவே சொல்லி வெச்சிடலாம்," என்றார், பொதுவாக, யாரையும் பார்க்காமல்.

மகள் தம்பியைப் பார்த்தாள். தம்பி கைத்துண்டைப் பார்த்தான்.

"பார்க்கலாம்பா," என்றான்.

'பார்க்கலாம்' என்று சொல்லிப் போன வாடிக்கைக்காரர் திரும்பி வந்ததில்லை என்பது அவர் தொழிலில் பாலபாடம். டம்ளரைக் கழுவப் போட்டார்.

4

வீட்டுக்காரர் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பு: 'வந்தபோது இருந்தபடியே விட்டுச் செல்லவும்.'

காலையில் அதைத்தான் செய்தார்கள். மெத்தையின் பள்ளத்தைத் தட்டிச் சரிசெய்தார்கள். ஜன்னல் கண்ணாடியிலிருந்த பேரப்பிள்ளையின் கைத்தடத்தைத் துடைத்தார்கள். சிந்தியது, சிதறியது எல்லாம் போயிற்று. அப்படி ஒரு குடும்பம் அங்கே இருந்ததே இல்லை என்று ஆகும்வரை துடைத்தார்கள். அதிலும் மகள் படு சுத்தம்.

எல்லோரும் பெட்டிகளைக் காரில் ஏற்றும்போது இவர் அடுப்படிக்குத் திரும்பினார். இழுப்பறையைத் திறந்து, அந்த வீட்டுக் கரண்டிகளுக்கு அடியில், பச்சைப் பொட்டுக் கரண்டியைச் செருகினார்.

பின்னால் மனைவி நின்றிருந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"எல்லாம் இருக்கான்னு பார்த்தேன்."

அவள் இழுப்பறையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு தன் கையாலேயே அதைத் தள்ளி மூடினாள்.

"இருக்கு. வாங்க போகலாம்."

5

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

வீட்டுக்காரர், எவனோ மறந்துவிட்டுப் போனது என்று கரண்டியைக் குப்பையில் போட்டார். (இது நடக்கக்கூடியது. ஆகவே எனக்குப் பிடிக்கவில்லை.)

ஊர் திரும்பியதும் மகன் போன் செய்தான்: "அப்பா, அந்த வீட்டு டீ ஸ்பூன் ஒண்ணு எங்க பெட்டியில வந்துடுச்சு." அடுத்து மகள்: "அப்பா, ஒரு தலையணை உறை…" (இது எனக்குப் பிடிக்கிறது. ஆகவே நம்ப முடியவில்லை.)

அடுத்த வருஷம் வாசலில் கார் வந்து நின்றபோது…

(இதற்கு மேல் பேனா ஓடவில்லை. பாத்திரக்காரர் வீட்டுச் சுவரில் அந்தக் கரண்டி தொங்கும் ஆணி இன்றும் வெறுமனேதான் இருக்கிறது. வேறு எதையும் அதில் மாட்ட விடமாட்டேன் என்கிறார்.)

நாளைக்குக் கதையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மனிதர் ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணிப் பார்ப்பார். முடிவு ஒன்று குறையும். அதை உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன். வேண்டுமென்றா, மறந்தா என்று கேட்காதீர்கள்.

தேடிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருவார். உடனே எடுத்துக் கொடுத்துவிட வேண்டாம். காபி கொடுங்கள்.